பறவைக் காய்ச்சல் உதவி எண்ணில் பேசுபவர்களுக்கு எப்படிப் பயிற்சி தருகிறார்கள்? மருத்துவம் படிக்காதவர்களால் இது முடியுமா?

முடியும். இத்தகைய பயிற்சிகளை நடத்துகிறவன் என்ற முறையில் சொல்கிறேன்: மருத்துவம் படித்தவர்களைவிட இவர்கள் பல நேரங்களில் நன்றாகவே செய்கிறார்கள். மருத்துவரிடம் தொலைபேசியைக் கொடுத்தால், கேட்டவர் அசந்துபோகும் அளவுக்குப் பாடம் நடத்திவிடுவார். (மருத்துவ நண்பர்கள் கோபித்துக்கொள்ளக் கூடாது.)

வைரஸைப் பற்றிய பாடம் ஒரு காலைப் பொழுதில் முடிந்துவிடும். பறவைக் காய்ச்சலை உண்டாக்கும் எச்5என்1 வைரஸ் முதன்மையாகப் பறவைகளைத் தாக்குவது. மனிதர்களுக்கு அது தொற்றியது முதன்முதலில் 1997இல் ஹாங்காங்கில் தெரியவந்தது. 18 பேருக்கு வந்தது, 6 பேர் இறந்தார்கள். மனிதரிடமிருந்து மனிதருக்குத் தொடர்ச்சியாகப் பரவும் திறன் இதுவரை அதற்கு வரவில்லை. இறைச்சியின் உட்பகுதி வரை 70 டிகிரி செல்சியஸ் சூடேறினால் வைரஸ் செத்துவிடும். ஃப்ரீசரில் வைத்தால் சாகாது. 2024இல் அமெரிக்காவில் கறவை மாடுகளிடமும் கண்டுபிடிக்கப்பட்ட பிறகு, காய்ச்சாத பாலைக் குடிக்க வேண்டாம் என்பதும் பாடத்தில் சேர்ந்துகொண்டது.

கடினமானது இதற்குப் பிறகுதான். ஒத்திகை அழைப்பு ஒன்றைச் சொல்கிறேன். நான் பக்கத்து அறையிலிருந்து அழைத்து, “கோழிக்கறி சாப்பிடலாமா?” என்று கேட்பேன். பெரும்பாலும் எல்லோரும், “நன்றாக வேகவைத்துச் சாப்பிடலாம் ஐயா” என்று சொல்லிவிட்டு வைத்துவிடுவார்கள். பிறகு என் கையில் இருக்கும் அட்டையைக் காட்டுவேன். அதில் எழுதியிருப்பது இது: “வீட்டில் வளர்த்த கோழிகள் நேற்றிலிருந்து ஒவ்வொன்றாகச் சாகின்றன. மிச்சம் இருப்பவை சாவதற்குள் அறுத்துச் சமைத்துவிட நினைக்கிறார். இறகு பிடுங்கப் போவது மகன்.” சொன்ன பதிலில் பிழை ஏதும் இல்லை. ஆனால் அந்தப் பதிலை நம்பி அவர் கத்தியைக் கையில் எடுப்பார். ஆபத்து தட்டில் இருக்கும் கறியில் இல்லை. நோயுற்ற கோழியை அறுப்பதிலும் இறகு பிடுங்குவதிலும்தான் இருக்கிறது.

அதனால் பதிலுக்கு முன் கேள்வி. உங்கள் வீட்டிலோ அருகிலோ பறவைகள் நோயுற்றிருக்கின்றனவா, செத்திருக்கின்றனவா? யாராவது அவற்றைத் தொட்டார்களா? தொட்டு 10 நாட்களுக்குள் காய்ச்சல், இருமல், கண் சிவப்பு ஏதேனும் வந்ததா? கண் சிவப்பைப் பலரும் விட்டுவிடுகிறார்கள். அண்மைக் காலத்தில் தொற்றிய சிலருக்கு அது மட்டுமே அறிகுறியாக இருந்திருக்கிறது. தொட்டவருக்கு அறிகுறியும் இருந்தால் அழைப்பு உடனே மருத்துவக் குழுவுக்குப் போக வேண்டும். ஓசல்டாமிவிர் என்ற வைரஸ் எதிர்ப்பு மாத்திரையை அறிகுறி தோன்றிய 48 மணி நேரத்துக்குள் தொடங்கினால்தான் பலன் அதிகம் என்பதால் இதில் தாமதம் கூடாது. மாத்திரையின் பெயரை உதவி எண்ணில் பேசுபவர் சொல்லவே கூடாது. சொன்னால் அடுத்த அழைப்பு மருந்துக் கடையிலிருந்துதான் வரும். மூச்சுத்திணறல் என்று கேட்டால் கேள்விகளை நிறுத்திவிட்டு ஆம்புலன்ஸ்.

எண்களைச் சொல்வதற்குத் தனிப் பயிற்சி உண்டு. “வந்தால் பாதிப் பேர் செத்துவிடுவார்களாமே?” என்று கேட்பார்கள். 2003 முதல் உலகச் சுகாதார நிறுவனத்துக்குத் தெரிவிக்கப்பட்ட தொற்றுகள் 900க்கும் மேல். அவர்களில் ஏறத்தாழப் பாதிப் பேர் இறந்தது உண்மை. மறுக்கக் கூடாது. ஆனால் இலேசாக வந்து போனவர்கள் பலர் பரிசோதனைக்கே வந்திருக்க மாட்டார்கள் என்பதையும், உலகம் முழுவதற்கும் இத்தனை ஆண்டுகளுக்குமான கணக்கு இது என்பதையும் அதே மூச்சில் சொல்ல வேண்டும்.

“பயப்படாதீர்கள்” என்ற சொல்லுக்கு என் வகுப்பில் தடை. அதைக் கேட்டுப் பயம் தெளிந்தவரை நான் பார்த்ததில்லை. அதற்குப் பதில் செய்வதற்கு ஒரு வேலை கொடுக்க வேண்டும்: செத்த பறவையை வெறுங்கையால் தொடாதீர்கள், குழந்தைகளையும் நாய் பூனைகளையும் அருகே விடாதீர்கள் (பூனைகள் இந்த நோயில் எளிதாகச் செத்துவிடும்), இடத்தைக் குறித்துக்கொண்டு கால்நடைத் துறைக்குச் சொல்லுங்கள். அந்தத் துறையின் எண்ணை அழைத்தால் யாராவது எடுக்கிறார்களா என்று பயிற்சிக்கு வந்தவர்களையே முதலில் அழைத்துப் பார்க்கச் சொல்வேன்.

பதில் தெரியாவிட்டால், “இதற்கு உறுதியான பதில் இப்போது என்னிடம் இல்லை, விசாரித்துவிட்டு மாலைக்குள் அழைக்கிறேன்” என்று சொல்லலாம். சொன்னால் அழைத்தே ஆக வேண்டும்.

எல்லாவற்றிலும் கடினம், கோழிப்பண்ணை வைத்திருப்பவரின் அழைப்பு. நல்ல கோழிகளையும் சேர்த்து அழிக்கப் போகிறார்கள் என்ற ஆத்திரத்தில் பேசுவார். குறுக்கிடாமல் கேட்க வேண்டும். இழப்பீடு எவ்வளவு, எப்போது என்று கேட்டால் தொகை எதையும் வாயால் சொல்லக் கூடாது, விசாரிக்க வேண்டிய அலுவலகத்தை மட்டும் சொல்ல வேண்டும். ஆறுதலுக்காகச் சொன்ன ஒரு தொகை மறுநாள் வாக்குறுதியாகத் திரும்பி வரும்.

உதவி எண்ணில் பேசுபவர்கள் பார்த்துச் சொல்லும் பதில் தாளில் தேதி இருக்க வேண்டும். புதிய தாள் வந்ததும் பழையதைக் கிழித்துவிட வேண்டும். அன்றன்று வந்த கேள்விகளை ஷிப்ட் முடியும்போது ஒருவர் உட்கார்ந்து படிக்க வேண்டும். ஒரே நாளில் பலர் முட்டை ஓடு பற்றியே கேட்டிருந்தால், எங்கோ ஒரு வதந்தி கிளம்பியிருக்கிறது என்று பொருள். அடுத்த ஷிப்டுக்குள் அதற்கான பதில் தாளில் ஏறிவிட வேண்டும்.