கார் சக்கரத்தில் உறுமல் சத்தம்: டயரா, பேரிங்கா?

கேள்வி: என் கார் 75,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. வேகம் 50-ஐத் தாண்டினால் முன் சக்கரப் பக்கம் 'ஊம்' என்று ஒரு சத்தம். வேகம் கூடக் கூட அதுவும் கூடுகிறது. சாலை வலப்பக்கம் வளையும்போது இன்னும் பலமாகக் கேட்கிறது. டயர் மாற்றச் சொல்கிறார்கள். மாற்றலாமா?

பதில்: இரண்டு நாள் பொறுங்கள். நான் பொறுக்காமல் இரண்டு புது டயர் வாங்கியவன்.

மதுரையிலிருந்து திருச்சி போகும் வழியில், துவரங்குறிச்சி தாண்டியபோதுதான் அந்தச் சத்தத்தை முதலில் கவனித்தேன். தூரத்தில் விமானம் போவது போல இருந்தது. ஓட்டுநர் இருக்கையிலிருந்து கேட்டால் இடது முன் சக்கரம் என்று சத்தியமே செய்திருப்பேன். டயர் கடையில் "டயர் தேய்ந்துவிட்டது சார்" என்றார்கள். தேய்மானத்தைக் காட்டுவதற்கென்று டயரின் பள்ளங்களுக்குள் 1.6 மில்லிமீட்டர் உயரத்தில் சிறு மேடுகள் இருக்கும். ரப்பர் அந்த மட்டத்துக்கு இறங்கிவிட்டால்தான் டயரின் ஆயுள் முடிந்தது. என் டயரில் இன்னும் நிறையவே மிச்சம் இருந்தது. அதைக் குனிந்து பார்க்காதது என் பிழை. புது டயரோடு வண்டியை எடுத்தேன், அதே விமானம் கூடவே வந்தது.

பிறகு ஒரு வயதான மெக்கானிக்கிடம் போனேன். அவர் வண்டிக்கு அடியில் குனியவே இல்லை. என்னைப் பக்கத்தில் உட்காரவைத்து, ஆள் இல்லாத அகலச் சாலையில் 60-இல் ஓட்டினார். கியரை நியூட்ரலுக்குத் தள்ளினார். சத்தம் மாறவில்லை, ஆகவே எஞ்சின் இல்லை. ஸ்டியரிங்கை மெதுவாக வலமும் இடமும் ஆட்டினார். வலப்பக்கம் போகும்போது உறுமல் ஏறியது, இடப்பக்கம் போகும்போது அடங்கியது. "முன்னால் ஒன்றும் இல்லை தம்பி, பின்னால் இடது பக்கம் பாருங்கள்" என்றார். வண்டி வலப்பக்கம் திரும்பினால் அதன் பாரம் இடப்பக்கச் சக்கரங்களின் மேல் சாய்கிறது. சக்கரம் தடையின்றிச் சுழல அதன் நடுவில் இருக்கும் குண்டு வளையம்தான் பேரிங். பழுதான பேரிங் பாரம் ஏறும்போது கத்தும். இடமா வலமா என்பதை இந்தச் சோதனை பெரும்பாலும் சரியாகச் சொல்லிவிடும். முன்னா பின்னா என்பதை அது சொல்லாது. அவருக்கு அனுபவம் சொன்னது, நமக்கு ஜாக்கிதான் சொல்ல வேண்டும்.

சமதளத்தில் நிறுத்தி, தரையில் நிற்கும் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கல் வையுங்கள். பின்சக்கரத்தைத் தூக்கினால் வண்டியைக் கியரில் போட்டுவிட்டுக் கைபிரேக்கை விடுங்கள். முன்சக்கரம் என்றால் கைபிரேக்கைப் போட்டு நியூட்ரலில் வையுங்கள். ஜாக்கியை மட்டும் நம்பி உடம்பின் எந்தப் பகுதியையும் வண்டிக்கு அடியில் நுழைக்காதீர்கள். சக்கரத்தின் உச்சியையும் அடியையும் பிடித்து அசைத்துப் பாருங்கள், 'டக்' என்று ஆட்டம் தெரிந்தால் பேரிங்கையோ பால் ஜாயின்டையோ (சக்கரத்தைச் சஸ்பென்ஷனோடு இணைக்கும் குமிழ் மூட்டு) சந்தேகிக்கலாம். முன்சக்கரம் பக்கவாட்டில் பிடித்து அசைக்கும்போது மட்டும் ஆடினால் ஸ்டியரிங் இணைப்புகளைப் பாருங்கள். பிறகு சக்கரத்தைக் கையால் சுழற்றிவிட்டு, சஸ்பென்ஷன் சுருளை எட்டும் இடத்தில் லேசாகத் தொடுங்கள். நல்ல பேரிங் என்றால் விரலுக்கு ஒன்றும் தெரியாது. கெட்டது, அம்மியில் மணல் அரைபடுவது போல நறநறக்கும். ஆனால் தூக்கிய சக்கரத்தில் பாரம் இல்லாததால் கெட்ட பேரிங்கும் சில நேரம் சாது வேடம் போடும். சத்தம் இல்லை என்பதற்காக அதை விடுவித்துவிடாதீர்கள்.

டயர்தான் காரணமா என்று அறியக் காசு செலவில்லாத வழி உண்டு. முன் டயர்களைப் பின்னாலும் பின் டயர்களை முன்னாலும் மாற்றிப் பூட்டச் சொல்லுங்கள். சத்தம் இடம் மாறினால், அல்லது தொனி மாறினால், டயர். சாலையின் தன்மைக்கு ஏற்பச் சத்தம் மாறினாலும் டயராக இருக்கலாம். பேரிங்குக்குத் தார், கான்கிரீட் என்ற பேதம் பெரிதாக இல்லை. டயர்மேல் உள்ளங்கையை ஓட்டிப் பாருங்கள்: ஒரு திசையில் வழுவழுப்பாகவும் எதிர்த்திசையில் ரம்பப் பல் போலவும் இருந்தால் வீல் அலைன்மென்ட், அதாவது சக்கரங்கள் நிற்கும் கோணம் சரியா என்று பார்க்க வேண்டும்.

உறுமல் அல்லாத சத்தங்கள் வேறு கதை. முழுவதும் ஒடித்துத் திருப்பும்போது 'டிக் டிக்' என்றால் சிவி ஜாயின்ட், அதாவது எஞ்சினின் சுழற்சியைச் சக்கரத்துக்குக் கொண்டுபோகும் தண்டின் மூட்டு. கீச்சென்று கத்தி, பிரேக்கை மிதித்ததும் நின்றால் பெரும்பாலும் தேய்ந்த பிரேக் பேட். மண் சாலையில் போய்வந்தபின் திடீரென்று இரும்பு உரசினால், டிஸ்குக்கும் அதன் பின்தகட்டுக்கும் நடுவே ஒரு கூழாங்கல் மாட்டியிருக்கலாம். மெதுவாகப் போகும்போதே 'கடக் கடக்' என்று அடித்து ஸ்டியரிங்கும் ஆடினால் ஓரங்கட்டி நிறுத்தி நட்டுகளைப் பாருங்கள், வீட்டுக்குப் போய்ப் பார்க்கலாம் என்று நினைக்காதீர்கள்.

உங்கள் விஷயத்தில், வலப்பக்கம் வளையும்போது கூடுகிறது என்பதால் இடப்பக்க இரு சக்கரங்களையும் முதலில் பார்ப்பேன். பேரிங்தான் என்று உறுதியானால் தள்ளிப்போடாதீர்கள், முற்றிய பேரிங் சக்கரத்தையே ஆட்டம் காணவைக்கும். மழைக்காலத்தில் தேங்கிய நீரில் வண்டியை இறக்கியிருந்தால் அதையும் மெக்கானிக்கிடம் சொல்லுங்கள். என்னுடையது ரயில்வே சுரங்கப்பாதையில் அரைச் சக்கரம் முங்கி, சில வாரம் கழித்துத்தான் பேச ஆரம்பித்தது. இன்னொன்று, புது பேரிங்கைப் பிரஸ் (சீராக அழுத்தி ஏற்றும் கருவி) வைத்து ஏற்றுகிறார்களா என்று பக்கத்தில் நின்று பாருங்கள். சுத்தியலால் அடித்து ஏற்றினால் உள்ளே குண்டுகள் ஓடும் பாதையில் தழும்பு விழுந்து, சில மாதத்தில் இதே கேள்வியோடு திரும்பி வருவீர்கள்.