கற்பனாவாத எழுத்தாளரான ஷத்தோபிரியான் தூதரானது எப்படி?

கற்பனாவாதம் என்பது தர்க்கத்தைவிட உள்ளத்தின் உணர்வையும் இயற்கையையும் முன்னிறுத்திய இலக்கியப் போக்கு. பிரான்சில் அதற்கு வழிதிறந்தவர்களுள் முதன்மையானவர் ஷத்தோபிரியான் (1768–1848). புரட்சிக் காலத்தில் நாடு நீங்கி லண்டனில் வறுமையில் வாடிய அவர், தாயகம் திரும்பி 1802இல் கிறிஸ்தவத்தின் அழகைப் போற்றி எழுதிய நூல், திருச்சபையோடு இணக்கம் நாடிய நெப்போலியனுக்கு உகந்ததாக இருந்ததால், மறு ஆண்டே ரோம் தூதரகத்தில் செயலாளரானார். ஆயினும் 1804இல் பழைய அரச குடும்பத்தைச் சேர்ந்த ஆங்கியான் கோமகன் நெப்போலியனின் ஆணையால் சுட்டுக் கொல்லப்பட்டதும் அரசுப் பணியைத் துறந்தார். அவர் வாழ்வில் நான் மிகவும் மதிப்பது இந்தத் துணிவையே. முடியாட்சி மீண்டபின், 1822இல் அதே லண்டனுக்குத் தூதராகச் சென்றார். வாடகை கொடுக்க வழியின்றித் தவித்த ஊருக்கே ஒருவர் உயரதிகாரியாகத் திரும்புவதைப் போன்றது அது. இளம் விக்டர் ஹ்யூகோவுக்கு அவரே முன்மாதிரி. ‘ரொமாண்டிக்’ எழுத்தாளர் என்றதும் காதல் கதை எழுதியவர் என்று பலர் எண்ணுகின்றனர். இங்கு அச்சொல் குறிப்பது கற்பனாவாதம் என்ற அந்த இலக்கியப் போக்கையே.