போர்ட்டபிள் டிவியில் வெளி ஆண்டெனாவையும் ஹெட்போனையும் ஒன்றாக மாட்டலாமா? ஷாக் அடிக்குமா?

மாட்டலாம். ஆனால் கேள்வியில் நீங்கள் சொல்லாத மூன்றாவது வயர் ஒன்று இருக்கிறது: அடாப்டர். ஆண்டெனா வயர் வீட்டுக்கு வெளியிலிருந்து வருகிறது, அடாப்டர் வயர் சுவர் பிளக்கிலிருந்து வருகிறது, ஹெட்போன் வயர் நேராக உங்கள் காதுக்குப் போகிறது. மூன்றும் டிவிக்குள் பெரும்பாலும் ஒரே கிரவுண்டில்தான், அதாவது ஒரே பொது இணைப்பில்தான் சேர்கின்றன. அதனால் நான் ஹெட்போன் போட்டால் பேட்டரியில்தான் டிவி பார்ப்பேன். அடாப்டரும் வெளி ஆண்டெனாவும் மாட்டியிருக்கும்போது ஸ்பீக்கரே போதும். வானம் தெளிவாக இருந்து, டிவி பேட்டரியில் ஓடினால், வெளி ஆண்டெனாவோடு ஹெட்போனும் போட்டுக்கொள்ளலாம்.

அடாப்டருக்கு ஏன் இவ்வளவு பயப்பட வேண்டும்? எர்த் பின் இல்லாத பல அடாப்டர்களில், இரைச்சலை அடக்குவதற்காக மெயின்ஸ் (சுவர் பிளக் கரண்ட்) பக்கத்துக்கும் டிவி பக்கத்துக்கும் நடுவே ஒரு சின்ன கெபாசிட்டர் இருக்கும். அதன் வழியே கொஞ்சம் கரண்ட் கசியும். ஆண்டெனா கேபிளின் உலோக முனையைத் தொட்டால் லேசாகச் சுரீரென்பது பெரும்பாலும் இதனால்தான். நல்ல அடாப்டரில் அது ஒரு மில்லி ஆம்பியருக்கும் குறைவு, ஆளுக்கு ஆபத்தில்லை. தரமில்லாத அடாப்டரில் அந்தக் கெபாசிட்டர் ஷார்ட் ஆகிவிட்டால், மெயின்ஸ் வோல்டேஜ் அப்படியே ஹெட்போன் வயர் வரை வந்துவிடும். டிவியோடு வந்த அடாப்டரையே பயன்படுத்துங்கள். ஆண்டெனாவை மாட்டிவிட்டு, அடாப்டரைக் கடைசியில் செருகுங்கள். கழற்றும்போது முதலில் அடாப்டர்.

பிக்சர் டியூப் வைத்த பழைய செட் என்றால் இன்னும் கவனம் வேண்டும். அவற்றில் சிலவற்றின் சாஸியே (உள்ளே இருக்கும் உலோகச் சட்டம்) மெயின்ஸோடு நேரடியாகச் சேர்ந்திருக்கும். ஆண்டெனா சாக்கெட்டில் தடுப்புக் கெபாசிட்டர்கள் இருக்கும், அதனால் ஆண்டெனாவை மாட்டலாம். ஆனால் ஹெட்போன் ஜாக் இல்லாத அப்படிப்பட்ட செட்டில், ஸ்பீக்கர் வயரிலிருந்து இணைப்பெடுத்து ஜாக் போடவே கூடாது. அந்த வயரில் மெயின்ஸ் இருக்கலாம். நண்பர் யாராவது "ரெண்டு வயர்தானே" என்று ஸ்க்ரூடிரைவரை எடுத்தால் தயவுசெய்து தடுத்துவிடுங்கள். பிக்சர் டியூபில் ஆயிரக்கணக்கான வோல்ட் நிற்கும், பிளக்கைப் பிடுங்கிய பிறகும்கூட.

இடி கேட்பதற்கு முன்பே வெளி ஆண்டெனாவைக் கழற்றிவிடுங்கள். மின்னல் வெட்டத் தொடங்கிவிட்டால் கேபிளின் பக்கமே போகாதீர்கள், கழற்றுவதற்காகக்கூட. கூரையில் உள்ள கம்பத்துக்கு முறையாக எர்த் போட்டிருக்க வேண்டும். கம்பம் எந்தப் பக்கம் சாய்ந்தாலும் மின்கம்பியைத் தொடாத தூரத்தில் நிற்க வேண்டும். ஆண்டெனா வேலையில் உயிர் போவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான்.

இனி டிவி கெடாமல் இருக்க. இன்றைய கோஆக்சியல் கேபிள் 75 ஓம், பழைய தட்டை வயர் 300 ஓம். இரண்டையும் நேராக முறுக்கிச் சேர்க்காமல் நடுவே ஒரு பாலன், அதாவது இரண்டையும் பொருத்தும் சின்ன மாற்றி, போடுங்கள். சின்ன டிஜிட்டல் டிவிகளின் மெனுவில் "ஆண்டெனா பவர் 5 வோல்ட்" என்று இருக்கும். பூஸ்டர் உள்ள ஆண்டெனாவுக்கு மட்டும்தான் அது. சாதாரண ஆண்டெனாவில் உள் கம்பியும் வெளிப் பின்னலும் சேர்ந்தே இருக்கலாம், ஆன் செய்தால் ஷார்ட்தான். அந்த டிவிகளின் ஆண்டெனா சாக்கெட் மிகச் சிறியது, கனமான கேபிளை அதில் தொங்கவிட்டால் போர்டிலிருந்தே பிய்ந்துவிடும். குட்டையான அடாப்டர் வயர் ஒன்றைச் செருகி, கனமான கேபிளை மேசையில் ஒட்டிவிடுங்கள். சில பழைய மாடல்களில் ஆண்டெனா ஜாக்கும் ஹெட்போன் ஜாக்கும் ஒரே 3.5 மில்லிமீட்டர் அளவுதான், பக்கத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று பார்த்துச் செருகுங்கள்.

டிவியில் இழுத்து நீட்டும் ராட் ஆண்டெனாவை எப்போதும் முழு நீளத்துக்கு இழுக்கத் தேவையில்லை. டிவி சேனல்கள் வரும் யுஎச்எஃப் அலைவரிசையின் தொடக்கமான 470 மெகாஹெர்ட்ஸுக்குக் கால் அலைநீளம் சுமார் 16 சென்டிமீட்டர்தான், ராட் அவ்வளவு நீண்டால் போதும்.

ஹெட்போனில் ஒரு காதில் மட்டும் சத்தம் வந்தால் அது பழுது என்று முடிவு கட்ட வேண்டாம். பழைய டிவிகளின் ஜாக் மோனோ, ஸ்டீரியோ பிளக் அதில் பாதிதான் பேசும். மோனோ-ஸ்டீரியோ மாற்றி ஒன்று போட்டால் சரியாகிவிடும். வால்யூமைக் குறைத்துவிட்டுக் காதில் வையுங்கள். சேனல் மாறும்போது திடீரென்று சத்தம் ஏறும். உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்குச் சொல்லும் அளவு 80 டெசிபலில் வாரத்துக்கு 40 மணி நேரம். ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் அந்த நேரம் பாதியாகிறது.