கேளுங்க, சொல்றேன்: சந்தேகம் வந்தா குண்டு போடலாமா?

இந்தத் தடவை வந்த கேள்வில பாதிக்கு மேல ஈரான் கதைதான். லயத்துக் கூரை ஒழுகுறதப் பத்தி எழுதினவங்க கோவிச்சுக்காதீங்க, அடுத்த இதழ்ல உங்களுக்குத்தான் முதல் இடம்.

ஈரான் அணுகுண்டு செய்யுதா இல்லையா? சுத்தி வளைக்காம ஒரே வரில சொல்லுங்க.
- ஓட்டோ சாரதி, ஹட்டன்

குண்டு இருக்குன்னு இதுவரைக்கும் யாரும் காட்டல, குண்டுக்கு வேண்டிய சாமான்ல முக்காவாசி இருந்துச்சுன்னு எல்லாருக்கும் தெரியும். ஒரே வரி கேட்டீங்க, குடுத்துட்டேன்.

நியூஸ்ல 60 சதவீதம் 60 சதவீதம்னு சொல்றாங்களே, குண்டுக்கு 90 வேணும்னா இன்னும் 30 பாக்கி இருக்குதானே, எதுக்கு இவ்ளோ பதட்டம்?
- ஏ.எல். மாணவி, தலவாக்கலை

நல்ல கேள்வி தங்கச்சி, டிவில பேசுற பெரியவங்களே இந்த இடத்துலதான் சறுக்குறாங்க. உங்க ஊர்ப் பக்கம் தேயிலை பெக்டரிக்குள்ள போயிருப்பீங்க, காஞ்ச தூளத் திரும்பத் திரும்பச் சலிச்சு டஸ்ட் வேற பிஓபி வேறன்னு பிரிப்பாங்கல்ல, இதுவும் ஒரு சலிப்பு வேலைதான், ஆனா சல்லடைக்குப் பதிலா பேய் வேகத்துல சுத்துற உயரமான குழாய்ங்க, சென்ட்ரிபியூஜ்னு பேரு, யுரேனியத்துல 238, 235ன்னு ரெண்டு வகை அணு கலந்திருக்கு, உலைக்கும் குண்டுக்கும் வேண்டியது 235தான், நூத்துல எத்தன 235ங்கிறதுதான் நியூஸ்ல சொல்ற சதவீதம், யுரேனியத்த வாயுவாக்கி அந்தக் குழாய்க்குள்ள விட்டுச் சுத்தினா பாரமான 238 ஓரத்துக்கு ஒதுங்கும், கொஞ்சம் லேசான 235 நடுப்பக்கம் நிக்கும், அத எடுத்து அடுத்த குழாய்க்கு விடணும், அங்கருந்து அடுத்தது, இப்பிடி ஆயிரக்கணக்கான குழாய்.

இப்ப கணக்குக்கு வாங்க. மண்ணுல இருந்து எடுக்கிற யுரேனியத்துல 1000 அணுவ எண்ணினா 7தான் 235. கரண்ட் எடுக்கிற உலைக்கு 4 சதவீதம் போதும், அதாவது அந்த 7ஐ வச்சுக்கிட்டு மொத்தம் 175 ஆகுற வரைக்கும் மிச்சத்தக் கழிக்கணும். 60 சதவீதம்னா மொத்தமே 12தான் நிக்கும். 90 சதவீதம்னா 8. ஆயிரத்துல இருந்து 12 வரைக்கும் வந்தவனுக்கு 12ல இருந்து 8க்கு வர எவ்ளோ நேரம் ஆகும்னு நீங்களே சொல்லுங்க. பதட்டத்துக்குக் காரணம் அதுதான்.

2015ல ஈரானும் அமெரிக்கா உட்பட பெரிய நாடுங்களும் போட்ட ஒப்பந்தத்துல 3.67 சதவீதத்தத் தாண்டக்கூடாது, 300 கிலோவுக்கு மேல வச்சிருக்கக்கூடாதுன்னு கட்டிப்போட்டிருந்தாங்க, 2018 மே மாசம் ட்ரம்ப் அத உதறிட்டு வெளிய வந்தாரு, 2021 ஏப்ரல்ல ஈரான் 60ஐத் தொட்டுச்சு. 2025 ஜூன்ல இஸ்ரேல் ஈரான் மேல குண்டு போட ஆரம்பிச்ச நேரம் அந்த 60 சதவீதச் சாமான் 440 கிலோ இருந்ததா வியன்னாவுல இருக்கிற சர்வதேச அணுசக்தி முகவரகத்தோட கணக்கு. கரண்ட் உலைக்கு இந்த 60 தேவையே இல்ல. எதுக்குச் சேத்து வச்சாங்கன்னு நம்புற மாதிரி ஒரு பதில் அவங்க பக்கம் இருந்து நான் இன்னும் கேக்கல.

2003ல ஈராக்குக்குச் சொன்ன அதே பொய்யத்தான் இப்ப ஈரானுக்கும் சொல்றாங்கன்னு நான் ஸ்டாஃப் ரூம்ல சொன்னா எல்லாரும் சண்டைக்கு வாராங்க. நான் சொல்றது சரியா பிழையா?
- ஆசிரியர், மஸ்கெலியா

பாதி சரி சேர். 2003 பெப்ரவரி 5ம் திகதி அப்ப அமெரிக்க வெளிவிவகார அமைச்சரா இருந்த கொலின் பவல் ஐநா பாதுகாப்புச் சபைல உக்காந்து ஈராக் வாங்கப் பாத்த அலுமினியக் குழாயப் பத்திப் பேசினாரு, சென்ட்ரிபியூஜ் செய்யத்தான் அதுன்னு அமெரிக்கா சொல்லிச்சு, அதுக்கு முந்தி நைஜர் நாட்டுல இருந்து யுரேனியம் வாங்கப் பாத்தாங்கன்னு ஒரு கடதாசிக் கட்டு வேற சுத்திக்கிட்டு இருந்துச்சு. மார்ச் 7ம் திகதி அதே சபைல முகவரகத் தலைவர் எல்பராதேய் அந்தக் கடதாசி உண்மையானது இல்லன்னு போட்டு உடைச்சாரு. மார்ச் 20 அமெரிக்கப் படை ஈராக்குக்குள்ள போயிருச்சு. அடுத்த வருஷம் ஒக்டோபர்ல அமெரிக்காவே அனுப்பின ஆய்வுக்குழு, ஈராக்க ஆண்ட சதாமோட அணுத் திட்டம் 1991லயே நின்னுபோச்சுன்னு எழுதிக் குடுத்துச்சு. அதுக்குள்ள செத்தவங்க செத்தாச்சு.

ஆனா ஈரான் விசயத்துல வெறும் கடதாசி இல்ல, சாமான் நிஜமா இருந்துச்சு, யுரேனியம் சலிக்கிற நதன்ஸ் ஆலை 2002ல அம்பலமாச்சு, மலையக் குடைஞ்சு கட்டின ஃபோர்டோ ஆலை 2009ல அம்பலமாச்சு, நதன்ஸப் பத்தி அவங்களா முந்திக்கிட்டு வந்து சொல்லல, ஃபோர்டோவப் பத்தி அம்பலமாகச் சில நாள் இருக்கும்போதுதான் முகவரகத்துக்கு எழுதினாங்க. அதனால "அதே பொய்"ன்னு சொன்னா ஸ்டாஃப் ரூம்ல உங்கள மடக்கிருவாங்க.

வேற ஒண்ணச் சொல்லுங்க. 2025 மார்ச்ல அமெரிக்க உளவுத்துறைக்கெல்லாம் தலைவியா இருந்த துளசி கபார்ட் செனட்ல வந்து, ஈரான் குண்டு செய்யலன்னுதான் எங்க கணிப்புன்னு சொன்னாங்க. ஜூன்ல அதப் பத்திக் கேட்டப்ப ட்ரம்ப், அவ சொன்னது பிழைன்னுட்டாரு. 22ம் திகதி அமெரிக்க விமானம் ஃபோர்டோ, நதன்ஸ், இஸ்ஃபஹான் மூணு இடத்துலயும் போட்டுச்சு. 2003ல சண்டைக்கு உளவுத்துறைக் கடதாசி தேவைப்பட்டுச்சு, 2025ல அதுவும் தேவைப்படல. எனக்கு ஈராக்க விட இதுதான் பயமா இருக்கு.

எதையும் முளையிலேயே கிள்ளிடணும். 1981ல இஸ்ரேல் ஈராக்கோட உலைய அடிச்சதாலதான் சதாம் கைல குண்டு வரல. அதையும் எழுதுங்க பார்ப்போம்.
- மரக்கறி வியாபாரி, நுவரெலியா

எழுதிட்டேன் முதலாளி. 1981 ஜூன் 7 ஒசிராக் உலைய உடைச்சது உண்மை, அமெரிக்காவும் சேந்து பாதுகாப்புச் சபைல அதக் கண்டிச்சதும் உண்மை. ஆனா கிள்ளின முளை என்ன ஆச்சு? அதுக்குப் பிறகு சதாம் வேலைய ஒளிவு மறைவா, முந்தினத விடப் பெருசா ஆரம்பிச்சாரு. அது வெளிய வந்தது 1991 வளைகுடா சண்டை முடிஞ்சு ஐநா இன்ஸ்பெக்டர்மார் ஊர் ஊராப் போய்த் தோண்டினப்பதான். தேடிக் கண்டுபிடிச்சு உடைச்சு எடுத்தது அவங்க.

குண்டு கட்டடத்தத்தான் உடைக்கும், படிச்ச படிப்ப உடைக்காது. இன்னொண்ணும் இருக்கு, லிபியா 2003ல தன்னோட அணுத் திட்டத்த முழுசாக் குடுத்துருச்சு, கடாஃபி 2011ல எப்பிடிச் செத்தாருன்னு உலகமே பாத்துச்சு, வட கொரியா அதே 2003ல, அணுகுண்டு பரவாமத் தடுக்க நாடுங்க போட்ட அணுப் பரவல் தடை ஒப்பந்தத்த விட்டு வெளிய போய் 2006ல குண்ட வெடிச்சுக் காட்டுச்சு, இப்ப அங்க கை வைக்க யாரும் வாரதில்ல. தெஹ்ரான்ல இருக்கிறவன் இதுல எதப் படிச்சிருப்பான்?

இந்த இன்ஸ்பெக்டர்மார் போய் என்னதான் பாக்குறாங்க? மறைச்சா தெரியவா போகுது?
- தபால்காரர், அப்புத்தளை

ஒரு சின்ன வெள்ளைப் பருத்தித் துண்டு, கைக்குட்டைல பாதி கூட இருக்காது, அத வச்சு சுவரு, குழாய், மேசைன்னு துடைச்சு பைல போட்டு சீல் வச்சு ஒஸ்திரியாவுல இருக்கிற லேபுக்கு அனுப்புவாங்க, அங்க கண்ணுக்குத் தெரியாத தூசுல கூட எத்தன சதவீதம்னு சொல்லிருவாங்க. 2003ல நதன்ஸ்ல அப்பிடித் துடைச்சப்ப எக்கச்சக்கமா செறிவூட்டின, அதாவது 235ஐக் கூட்டின, யுரேனியம் மாட்டுச்சு, ஈரான் அது வெளிநாட்டுல வாங்கின பழைய பாகத்துல ஒட்டி வந்ததுன்னு சொல்லிச்சு, சும்மா புளுகுன்னுதான் எல்லாரும் நினைச்சாங்க, ஆனா தூசு பெரும்பாலும் பாகிஸ்தான் பக்கத்துச் சாமானோட ஒத்துப்போச்சு. துண்டு பொய்யும் சொல்லாது, கட்சியும் பாக்காது.

சண்டைக்குப் பிறகு 2025 ஜூலைல ஈரான் முகவரகத்தோட ஒத்துழைக்கிறத நிறுத்தி வைக்கிறோம்னு சட்டம் போட்டுச்சு. அதோட அந்த 440 கிலோவ எண்ணிப் பாக்க ஆளில்லாமப் போச்சு. முன்ன எங்க எவ்ளோ இருக்குன்னாவது தெரிஞ்சுச்சு.

இஸ்ரேல்கிட்ட இருக்கே, அத யாரும் கேக்க மாட்டாங்களா?
- பேர் போட வேணாம்னவர், மாத்தளை

கேக்க மாட்டாங்க. அவங்க அணுப் பரவல் தடை ஒப்பந்தத்துல கையெழுத்தே போடல, அதனால முழுசா சோதிக்க யாருக்கும் உரிமையும் இல்ல, இருக்குன்னும் சொல்ல மாட்டாங்க இல்லன்னும் சொல்ல மாட்டாங்க. இந்தியா பாகிஸ்தானும் கையெழுத்துப் போடாத கூட்டம்தான். கையெழுத்துப் போட்ட ஈரானுக்குத்தான் கேள்வி. நியாயமான்னு கேட்டா இல்ல. அதுக்காக ஈரான் மறைச்சது சரின்னும் ஆகாது.

நீங்க எப்பவும் ஈரானுக்குக் கொடி பிடிக்கிறீங்க. உமா ஓயா மின் திட்டத்த கட்டிக் குடுத்தாங்கன்னா?
- பண்டாரவளை வாசகர்

பண்டாரவளைல இருந்துக்கிட்டு இதக் கேக்கலாமா! சுரங்கத்துக்குள்ள தண்ணி பீச்சி உங்க ஊர்க் கிணறெல்லாம் வத்தி வீட்டுச் சுவரெல்லாம் வெடிச்சத நான் மறக்கல, கட்டினது ஈரான் கம்பனிதான். 2024 ஏப்ரல்ல அப்ப ஈரான் ஜனாதிபதியா இருந்த ரைசி வந்து திறந்து வச்சாரு, 120 மெகாவாட். நடுவுல ஈரான் மேல போட்ட பொருளாதாரத் தடையால ஈரான் காசு நின்னுபோய் மிச்சத்த நம்ம அரசாங்கமே போட்டு முடிச்சுது, அந்தப் பக்கத்துச் சந்தேகத்துக்கு இந்தப் பக்கம் நம்ம பொக்கட்ல கை வச்ச கதை அது.

தேயிலைக் கடன் கதையும் இதேதான், தலவாக்கலை, பதுளைன்னு பல பேர் கேட்டிருந்தீங்க. ஈரான்கிட்ட நம்ம நாடு வாங்கின எண்ணெய்க்கு 251 மில்லியன் டொலர் கடன், தடையால டொலர் அனுப்ப வழியில்ல, அதனால மாசம் 5 மில்லியன் டொலர் பெறுமதிக்குத் தேயிலை அனுப்பிக் கழிப்போம்னு 2021 டிசம்பர்ல ஒப்பந்தம். ஈரான்காரர் அதிகமா கேக்குறது தாழ்நிலத் தேயிலை, காலி, மாத்தறை, இரத்தினபுரிப் பக்கம். நம்ம மலைக் கொழுந்துக்கு இதுல பெரிய லாபம்னு யாராவது மேடைல பேசினா கைதட்ட அவசரப்படாதீங்க.

மகள் கத்தார்ல வீட்டு வேலைல இருக்கா. திரும்பச் சண்டை வருமா ஐயா? கூப்பிட்டுக்கவா?
- கொழுந்து எடுக்கும் தாய், பொகவந்தலாவ

வருமா வராதான்னு சொல்றவன நம்பாதீங்கம்மா, நான் உட்பட. 2025 ஜூன் 23 ஈரான் ரொக்கட் விட்டது அங்க இருக்கிற அல் உதெய்த்ங்கிற அமெரிக்க முகாமுக்கு, முன்கூட்டியே தகவல் சொல்லிட்டுத்தான் விட்டாங்க, யாரும் சாகல. போன்ல வர்ற வீடியோவப் பாத்துட்டு ராவெல்லாம் முழிக்காதீங்க, பாதி வேற வருஷத்துது.

உடனே கூப்பிட வேணாம். ஆனா மூணு வேலை இப்பவே செய்ங்க. பாஸ்போட்டையும் வேலை ஒப்பந்தத்தையும் போட்டோ எடுத்து உங்க போனுக்கு அனுப்பச் சொல்லுங்க, வேலைவாய்ப்புப் பணியகத்துல பதிஞ்சிருக்கா, பதிவு இன்னும் செல்லுபடியாகுதான்னு பாருங்க, சம்பளத்த அங்க முதலாளிகிட்ட சேத்து வைக்காம மாசா மாசம் வீட்டுக்கு அனுப்பச் சொல்லுங்க. 1990ல ஈராக் படை புகுந்தப்ப குவைத்த விட்டு உடுத்த துணியோட ஓடி வந்தவங்கள்ள நிறையப் பேரோட சம்பளம் அங்கயே நின்னுபோச்சு, ஐநா மூலமா நட்டஈடு வந்து சேர வருஷக்கணக்காச்சு.