'டவுன்' முதலில் ஊர் இல்லை, வேலி

"டவுன் என்ற ஆங்கிலச் சொல்லுக்கு ஜெர்மன், டச்சு மொழிகளில் சொந்தக்காரர்கள் உண்டா?" என்று கேட்டிருக்கிறீர்கள். உண்டு. ஆனால் அவர்களில் யாரும் நகரத்தைக் குறிப்பதில்லை. அதனாலேயே எனக்கு இந்தச் சொல்மேல் தனிப் பிரியம்.

ஜெர்மன் கற்கத் தொடங்கியபோது 'த்ஸவுன்' என்றால் வேலி என்று மனப்பாடம் செய்தேன். தோட்டத்து வேலியில் தத்தித் திரியும் ஒரு குட்டிப் பறவைக்கு அங்கே 'த்ஸவுன்கோனிக்', அதாவது வேலிராஜா என்று பெயர். அப்புறம் டச்சில் 'டாய்ன்' என்ற சொல்லைப் பார்த்தேன். பொருள் தோட்டம். டவுன், த்ஸவுன், டாய்ன் மூன்றும் ஒரு வயிற்றுப் பிள்ளைகள் என்று தெரிந்த அன்று உண்மையிலேயே சிலிர்த்துவிட்டது.

ஒலி ஒற்றுமையை மட்டும் வைத்துச் சொல்லவில்லை. ஆங்கில 'ட்' ஜெர்மனில் 'த்ஸ்' ஆவது வழக்கம்: பத்துக்கு டென், த்ஸேன், நாக்குக்கு டங், த்ஸுங்கெ. உயிரொலியும் அப்படித்தான். வீட்டுக்கு ஆங்கிலத்திலும் ஜெர்மனிலும் ஹவுஸ், டச்சில் ஹாய்ஸ். எலிக்கு மவுஸ், மாய்ஸ். டவுன் இந்தத் தடத்திலிருந்து இம்மியும் விலகவில்லை.

மூலச்சொல்லின் பொருள் வேலி, அல்லது வேலியிட்ட இடம். ஜெர்மன் வேலியோடு நின்றுவிட்டது. டச்சு வேலிக்கு உள்ளே இருந்த தோட்டத்தை எடுத்துக்கொண்டது. ஐஸ்லாந்தில் 'டூன்' என்றால் வீட்டை ஒட்டி எருவிட்டு வளர்க்கும் புல்வெளி. நார்வேயில் பண்ணை முற்றம். பழைய ஆங்கிலத்தில் 'டூன்' முதலில் அடைப்பு, பிறகு அதற்குள் இருந்த பண்ணை, பிறகு சிற்றூர் என்று வளர்ந்து கடைசியில் நகரமானது. நம் 'பட்டி'யை நினைத்துப் பாருங்கள்: ஆட்டை அடைக்கும் இடமும் பட்டி, கோவில்பட்டியிலும் பட்டி.

ஐரிஷ், வெல்ஷ் போன்றவை அடங்கிய கெல்டிக் மொழிக் குடும்பத்தில் இதற்கு இணையான 'டூனோன்' கோட்டையைக் குறித்தது. பிரான்சின் லியோன் நகரத்தின் பழைய பெயரான லுக்டூனமும் அதில் பிறந்ததுதான்.

இங்கிலாந்து ஊர்ப்பெயர்களில் 'டன்' என்ற விகுதியாக இந்த டூன் கொட்டிக் கிடக்கிறது. நார்டன் வடக்கூர், சட்டன் தெற்கூர். நியூட்டன் என்ற குடும்பப்பெயரும் ஊர்ப்பெயரில் வந்ததே. அப்படியே தமிழில் சொன்னால் புதுப்பட்டி! நீலகிரியில் குன்னூர் பக்கத்து வெலிங்டன் வரை அந்த வேலி நீண்டிருக்கிறது. அந்த ஊருக்குப் பெயர் தந்த பிரபுவின் பட்டம், சாமர்செட்டில் உள்ள வெலிங்டனிலிருந்து வந்தது.