எதில் பார்த்தீர்கள்? ரத்தசோகை கேள்வி-பதில்

கீழ் இமையைப் பார்த்தே ரத்தசோகை என்று சொல்லிவிடலாமா? (செவிலியர், புளியந்தோப்பு)

வெளுத்திருந்தால் நம்புங்கள், சிவந்திருந்தால் நம்பாதீர்கள். இமையும் உள்ளங்கையும் நன்றாக வெளுத்திருந்தால் எச்.பி. (ஹீமோகுளோபின்; 100 மில்லி ரத்தத்தில் எத்தனை கிராம் என்ற கணக்கு) பெரும்பாலும் 7, 8-க்குக் கீழேதான் இருக்கும். உடனே மருத்துவரிடம் அனுப்புங்கள். 9, 10 உள்ளவரின் இமை யாரையும் ஏமாற்றும். டியூப்லைட்டில் பார்க்காதீர்கள், ஜன்னல் பக்கம் வரச் சொல்லுங்கள்.

எச்.பி. 8. என்ன மாத்திரை தரலாம்? (ஊர் குறிப்பிடவில்லை)

யாருக்கு 8? குழந்தைக்கா, கர்ப்பிணிக்கா, தாத்தாவுக்கா? எதில் பார்த்தது? இப்படி ஒற்றை வரியில் கேட்டால் பதில் சொல்ல முடியாது. முழு விவரத்தோடு மறுபடி எழுதுங்கள்.

ஒரே கர்ப்பிணிக்கு எங்கள் நிலையத்தில் 9.6, வெளி லேபில் 11.2. எதை நம்புவது? (லேப் டெக்னீஷியன், வியாசர்பாடி)

இந்தக் கேள்விக்காகவே காத்திருந்தேன். 11-க்குக் கீழே என்றால்தான் கர்ப்பிணிக்கு ரத்தசோகை. அதாவது ஒரு ரிசல்ட்படி அவருக்கு தினம் இரண்டு இரும்பு மாத்திரை, இன்னொன்றின்படி ஒன்று. வெளி லேபில் நரம்பில் ரத்தம் எடுத்து ஆட்டோ அனலைசரில் (தானாக எண்ணும் ரத்தப் பரிசோதனை இயந்திரம்) போட்டிருந்தால் அதை எடுத்துக்கொள்ளுங்கள்.

அப்புறம் உங்கள் மேஜைக்கு வாருங்கள். ஏ.என். கிளினிக் (கர்ப்பிணிகள் பரிசோதனை) நாளில் வரிசை வாசல் வரை நிற்கிறது. ஸ்பிரிட் காயும் முன்பே குத்துகிறோம். ரத்தம் வராவிட்டால் விரலைப் பிழிகிறோம். திசு நீரும் கலந்து எண் இறங்குகிறது. முதல் சொட்டைத் துடைத்துவிட்டு, தானாக வரும் அடுத்த சொட்டை எடுங்கள். கை ஜில்லென்று இருந்தால் முதலில் தேய்த்துச் சூடாக்குங்கள்.

சாலி முறை (ரத்தத்தை ஆசிட்டில் கலந்து, தண்ணீர் விட்டு, பழுப்புக் கண்ணாடியின் நிறத்தோடு ஒப்பிடுவது) என்றால் கவலை இன்னும் அதிகம். ஆசிட்டில் ரத்தத்தை விட்டு 10 நிமிடம் நிற்க வேண்டும். இரண்டு நிமிடத்திலேயே தண்ணீர் சொட்டிப் பார்த்தால் நிறம் முழுதாக வந்திருக்காது, எண் குறையும். பிப்பெட்டின் வெளிப்பக்கத்தைத் துடைக்காவிட்டால் எண் கூடும். பழைய கண்ணாடியின் பழுப்பு மங்கியிருந்தால் அதன்பின் வருவதெல்லாம் குத்துமதிப்பு. இந்த எண்ணை நம்பித்தான் ஒரு தாய் பிரசவ அறைக்குப் போகிறாள். டிஜிட்டல் மீட்டர் கேட்டு எழுதுங்கள், வரும் வரை கேளுங்கள். மீட்டர் வந்தாலும் கியூவெட் (ரத்தச் சொட்டை எடுத்து மீட்டரில் வைக்கும் சின்னத் தகடு) டப்பாவை உடனே மூடுங்கள்; சென்னைப் புழுக்கத்தில் திறந்து கிடந்தால் அதுவும் தப்பாகக் காட்டும். கர்ப்பிணியின் அட்டையில் எண்ணோடு எந்த முறை என்பதையும் எழுதுங்கள்.

ஒரு மாதம் மாத்திரை கொடுத்தும் எச்.பி. ஏறவில்லை. ஊசி போடலாமா? (தண்டையார்பேட்டை)

கொடுத்தீர்கள் சரி, சாப்பிட்டாரா? மலம் கறுத்ததா என்று கேளுங்கள். டீயோடும் கால்சியம் மாத்திரையோடும் விழுங்கினால் இரும்பு உடம்பில் சரியாகச் சேராது. ஒழுங்காகச் சாப்பிட்டால் மாதத்துக்குச் சுமார் 1 கிராம் ஏற வேண்டும். அப்படியும் ஏறாவிட்டால் ஊசிக்கு முன் முழு ரத்தப் பரிசோதனை செய்யுங்கள். எம்.சி.வி. (சிவப்பணுவின் சராசரி அளவு) மிகக் குறைந்து சிவப்பணு எண்ணிக்கை கூடியிருந்தால் தலசீமியா கூறாக (பரம்பரையாக வரும் ஹீமோகுளோபின் குறைபாடு) இருக்கலாம், எம்.சி.வி. கூடியிருந்தால் பி12 குறைவாக இருக்கலாம். பழைய எண்ணும் புது எண்ணும் ஒரே முறையில் எடுத்ததுதானா என்பதையும் பாருங்கள்.

55 வயது ஆட்டோ ஓட்டுநர், எச்.பி. 9. இரும்பு டானிக் போதுமா? (கொருக்குப்பேட்டை)

போதாது. இந்த வயது ஆணுக்கு 9 என்றால் எங்கோ ரத்தம் கசிகிறதா என்று முதலில் தேட வேண்டும்: மூலம், வயிற்றுப்புண், குடல் புற்றுநோய். வலி மாத்திரை வாங்கிப் போடுகிறாரா என்றும் கேளுங்கள். டானிக்கில் எண் ஏறிவிட்டால் நோய் உள்ளேயே மறைந்து வளரும். இந்த வாரமே பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்புங்கள்.