மச்சாள் கோவித்த படம்

கேள்வி: அக்கா, பள்ளிக்கூட விடுமுறையில் நாலு படம் பார்த்தோம். 'மெய்யழகன்' இழுவை. 'கொட்டுக்காளி' விளங்கவில்லை. 'லப்பர் பந்து' பிடித்தது. 'டூரிஸ்ட் ஃபேமிலி' பற்றி, "எனக்குப் பெரிசா ஒட்டேல்லை" என்று குடும்ப வாட்ஸ்அப்பில் எழுதினேன். ரொறன்ரோவில் அதைத் தியேட்டரில் அழுதழுது பார்த்த மச்சாள், "எங்கட சனத்தின்ர படத்தையும் குறை சொல்லுறாய்" என்று கோவித்துவிட்டா. இரண்டு கிழமையாகக் கதையில்லை. நான் எழுதியது பிழையா?
– வாசகி, விசுவமடு

பதில்: பிழையில்லை தங்கச்சி. ஆனால் அந்த ஒரு வரி காணாது. உப்புக் குறைவா, புளி கூடிப்போச்சா என்று சொல்லாமல் 'கறி சரியில்லை' என்றால் ருசித்துச் சாப்பிட்டவளுக்கும் கோபம் வரும்தானே.

நானும் பார்த்தேன். சசிகுமார், சிம்ரன் குடும்பம் இலங்கையிலிருந்து படகேறிப் போய், வாயைத் திறந்தால் ஊர் தெரிந்துவிடும் என்று சென்னையில் பேச்சை மறைத்து வாழ்கிறது. கடைசிப் பையனின் பெயர் முள்ளி, முள்ளிவாய்க்காலை நினைவூட்டுகிற பெயர். அந்தப் பெயர் காதில் விழுந்ததும் என் வீட்டுக்காரர் தண்ணீர் குடிக்க எழும்பிப் போனவர், பத்து நிமிஷம் வரவில்லை. மற்றப்படி பேச்சு சில இடத்தில் சறுக்குகிறது. சந்தையிலும் பஸ்ஸிலும் நாள் முழுக்க அதே பேச்சுக்குள் இருக்கிற எங்களுக்கு அது சுருக்கென்று குத்தும். மச்சாளுக்கோ, 'எங்கட' என்ற சொல் அந்தப் பெரிய திரையில் கேட்டதே போதும். சறுக்கலை அவா எங்கே கவனித்திருப்பா?

ஒருகாலத்தில் ஜெனரேற்றரும் வீடியோ டெக்கும் பிடித்து விடிய விடிய மூன்று படம் போடுவார்கள். யாரும் கருத்துக் கேட்டதில்லை. மண்ணெண்ணெய் முடியும்வரைக்கும் எல்லாமே நல்ல படம்தான்!

'மெய்யழகன்' இழுவை என்பது சரி. 2024இல் வெளிவந்த பிறகு படக்குழுவே 18 நிமிஷம் வெட்டியது. ஆனால் வீட்டை இழந்து போன மனுசன் 22 வருஷம் கழித்து ஊருக்கு வந்து, விழுந்து விழுந்து உபசரிக்கிறவனின் பெயர் தெரியாமல் முழிக்கிறாரே, அந்த முழிக்காகவே இன்னொருதரம் பார்ப்பேன். சண்டை முடிந்து 2010இல் நாங்கள் ஊருக்குத் திரும்பி வந்தபோது, வேலிக்கு அப்பால் நின்று "எப்படி இருக்கிறியள்?" என்று ஒருவர் கேட்டார். ஆரென்று இன்றுவரை தெரியாது. "ஓமோம், சுகம்" என்று சமாளித்தேன்.

'கொட்டுக்காளி'யில் பின்னணி இசையே இல்லை. டிவி பழுதாகிவிட்டது என்று என் மாமி ரிமோட்டைத் தட்டிக்கொண்டிருந்தா. விளங்காவிட்டால் பரவாயில்லை, அந்த ஓட்டோவுக்குள் ஒரு பிள்ளை வாய் திறக்காமல் இருக்கிறதை மட்டும் பாருங்கள். 'லப்பர் பந்து' எனக்கும் பிடித்தது, எங்கள் மென்பந்துச் சண்டைகள் அப்படியே இருக்கின்றன.

சரி, மச்சாளுக்கு வருவோம். எழுத வேண்டாம், கோல் எடுங்கள். எங்களுக்குப் பின்னேரம், அங்கே விடியும். "எந்த இடத்தில் அழுதனீங்கள், மச்சாள்?" என்று கேட்டுவிட்டுப் பேசாமல் இருங்கள். அவா சொல்லி முடித்த பிறகு, எந்தச் சொல் உங்கள் காதில் குத்தியது என்று சொல்லுங்கள். எழுதியதை மட்டும் அழிக்க வேண்டாம்.